“எனக்குத் தெரியாது” என்பது வியாபாரியின் பதிலாகுமா?

 

சில வாரங்களுக்கு முன் மஃரிப் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஒரு தம்பி மட்டும் தூணோரம் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் பின்னலாடை ஆர்டர் முடித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் மெர்ச்சண்டைசராக வேலை செய்பவர். “ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்” என்றார். சொல்லுங்கள் தம்பி என்றேன்.

“பையர் ஒரு விலை சொல்லுவார் ஹஜ்ரத். அந்த விலைக்கு ஒழுங்கா தைச்சுக் கொடுக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். ஃபேக்டரிக்காரருக்கும் தெரியும். ஆனாலும் ஒத்துக்குவார். அப்புறம் அவர் அதை எங்கே கொடுத்துத் தைக்கிறார், யார் தைக்கிறாங்க, எத்தனை மணி நேரம் தைக்கிறாங்கன்னு நான் கேக்கிறதில்லை. கேக்காதேன்னு யாரும் சொல்லலை. கேட்டா ஆர்டர் நகராது, அவ்வளவுதான். நான் யாரையும் ஏமாத்தலை, வட்டி வாங்கலை. என் சம்பளம் ஹலால்தானே?”

அன்று அவருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அவர் கேட்ட கேள்வி அவருடைய கேள்வி மட்டுமல்ல. கடை வைத்திருப்பவர், கான்ட்ராக்ட் எடுப்பவர், வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர், பெருநாளுக்குத் துணி எடுப்பவர் என எல்லோருடைய கேள்வியும் அதுதான். ஒரு தவறு எனக்குத் தெரியாமல் நடந்தால் அதற்கு நான் பொறுப்பா? அதைவிட முக்கியமாக, எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று நானே ஏற்பாடு செய்துகொண்ட தெரியாமைக்கு அல்லாஹ்விடம் என்ன மதிப்பு?

சாவாரில் விழுந்த கட்டடம்

2013 ஏப்ரல் 24, புதன்கிழமை. வங்கதேசத் தலைநகர் டாக்காவுக்கு அருகே சாவார் என்ற ஊரில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் காலை ஒன்பது மணிக்குச் சற்று முன் இடிந்து விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள். சுமார் 2,500 பேர் காயங்களோடு மீட்கப்பட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், தையல் தொழிலாளிகள். நம்மைப் போலவே கலிமா சொன்னவர்கள்தாம் அவர்களில் பெரும்பகுதியினர். ஆனால் அநியாயம் யாருக்கு நடந்தாலும் அநியாயமே என்பதால், அதை ஒரு காரணமாக நான் சொல்லவில்லை.

அந்தக் கட்டடம் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் என்று கட்டப்பட்டது. மேல் மாடிகள் அனுமதியின்றிச் சேர்க்கப்பட்டவை. அங்கே ஐந்து ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கின. தையல் இயந்திரங்களும் கனத்த ஜெனரேட்டர்களும் மேலே ஏற்றப்பட்டிருந்தன. முந்தின நாளே சுவரிலும் தூணிலும் விரிசல் கண்டது. எல்லோரையும் வெளியேற்றினார்கள். பார்வையிட்ட பொறியாளர் கட்டடம் பாதுகாப்பானதல்ல என்றார். அடுத்த நாள் கீழ்த்தளத்தில் இருந்த வங்கிக் கிளையும் கடைகளும் திறக்கவில்லை. தொழிற்சாலைகள் மட்டும் திறந்தன. உள்ளே போகத் தயங்கிய பெண்களிடம், வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டப்பட்டதாக உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். அப்போது அங்கே ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,000 டாக்கா, ஏறக்குறைய 38 டாலர். அந்தச் சம்பளத்தை இழக்க முடியாதவர்கள் உள்ளே போனார்கள். மின்சாரம் நின்றது, ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின, கட்டடம் விழுந்தது.

இதில் கட்டட உரிமையாளர் குற்றவாளி, தொழிற்சாலை முதலாளிகள் குற்றவாளிகள். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் இடிபாடுகளுக்கு இடையே இன்னொன்றும் கிடைத்தது. ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் தொங்கும் ஆடைகளின் லேபிள்களும் ஆர்டர் தாள்களும். சில நிறுவனங்கள் முதலில், எங்கள் துணி அங்கே தைக்கப்படவே இல்லை என்றன. பிறகு லேபிளைக் காட்டியதும், எங்களுக்குத் தெரியாமல் துணை ஒப்பந்தம் கொடுத்துவிட்டார்கள் என்றன.

அவை பொய் சொன்னதாகவே நாம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. உண்மையிலேயே தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். நம் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

தெரியாமை எப்படித் தயாராகிறது?

ஒரு பெரிய ஆடை நிறுவனம் சொந்தமாகத் தொழிற்சாலை வைத்துக்கொள்வதில்லை. ஆர்டர் கொடுக்கிறது. ஆர்டர் எடுத்தவர் தம்மிடம் இருக்கும் இயந்திரங்களுக்கு மேல் எடுக்கிறார், ஏனென்றால் அடுத்த மாதம் ஆர்டர் வருமா என்று அவருக்குத் தெரியாது. மீதியை இன்னொருவருக்குக் கொடுக்கிறார். அவர் பட்டன் வைப்பதையும் பிசிறு வெட்டுவதையும் வேறொருவருக்குக் கொடுக்கிறார். துணி ஓரிடத்திலிருந்தும் நூல் ஓரிடத்திலிருந்தும் பஞ்சு ஓரிடத்திலிருந்தும் வருகிறது. நம் தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களில் சில நூற்பாலைகள் இளம் பெண்களை மூன்று ஆண்டு விடுதியில் தங்கவைத்து, முடிவில் திருமணத்துக்கு ஒரு தொகை தருவோம் என்று வேலைக்கு எடுத்த ‘சுமங்கலித் திட்டம்’ உங்களுக்கு நினைவிருக்கும். இடையில் உடம்பு முடியாமல் போன பெண்ணுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனதும் உண்டு. அந்த நூலில் நெய்த துணியை லண்டனில் வாங்கியவருக்கு இது எப்படித் தெரியும்?

தெரியாதுதான். ஆனால் இப்படி யோசித்துப் பாருங்கள். அதே நிறுவனத்துக்குச் சட்டையின் காலர் அளவில் அரை சென்டிமீட்டர் கூடினால் தெரிகிறது. நிறம் ஒரு சாயல் மாறினால் தெரிகிறது. ஷிப்மென்ட் இரண்டு நாள் தாமதமானால் தெரிகிறது. தாமதமானதற்காக விமானத்தில் அனுப்பும் செலவை ஃபேக்டரிக்காரர் தலையில் கட்டத் தெரிகிறது. இவ்வளவும் தெரிந்த நிறுவனத்துக்கு, அதைத் தைத்தவரின் தலைக்கு மேல் இருந்த கூரையைப் பற்றி மட்டும் தெரியவில்லை. அப்படியானால் இந்தத் தெரியாமை தானாக வந்ததல்ல. எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தபோதே எதைப் பார்க்க வேண்டாம் என்பதும் முடிவாகிவிட்டது.

அளவையில் மோசடி செய்பவர்களைக் கண்டிக்க அல்லாஹ் தன் வேதத்தில் ஒரு தனி சூராவையே, ஸூரத்துல் முதஃப்ஃபிஃபீனை, இறக்கினான். வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களின் கேட்டை அது பேசுகிறது. நாம் அதை மளிகைக் கடைத் தராசுக்கு மட்டும் ஓதிக்கொள்கிறோம். தரத்தையும் தேதியையும் நிறைவாக அளந்து வாங்கிக்கொண்டு, விலையையும் அவகாசத்தையும் குறைத்துக் கொடுப்பவருடைய கையில் இருப்பதும் தராசுதான்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது இது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. வங்கதேசத்தில் ஏறக்குறைய 300 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை வெளிநாட்டு நிறுவனங்கள் ரத்து செய்தன அல்லது நிறுத்திவைத்தன என்று அந்நாட்டு ஏற்றுமதியாளர் சங்கம் அறிவித்தது. துணி வாங்கியாகிவிட்டது, வெட்டியாகிவிட்டது, சில இடங்களில் தைத்தும் ஆகிவிட்டது. ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு பிரிவைக் காட்டி விலகிக்கொண்டார்கள். நம் ஃபிக்ஹில் இப்படிச் செய்யச் சொல்லி வாங்கும் வியாபாரத்துக்கு ‘இஸ்திஸ்னா’ என்று பெயர். உஸ்மானியர்கள் 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பு, இஸ்திஸ்னா ஒப்பந்தம் முடிந்துவிட்டால் இரு தரப்பில் எவரும் தன்னிச்சையாக விலக முடியாது என்று வைத்தது. காரணம் எளிது. செய்பவர் தம் கைப்பொருளையும் உழைப்பையும் இறக்கிவிட்டார். வாங்குபவர் விலகினால் அவர் எங்கே போவார்?

நனைந்த தானியம்

நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் நாம் பலமுறை கேட்டது. மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். என்ன இது என்று கேட்டபோது, மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவருக்குத் தம் கூட்டத்தில் இடமில்லை என்ற பொருளில் கடுமையாக எச்சரித்தார்கள்.

இந்தச் சம்பவத்தில் ஒன்றைக் கவனியுங்கள். மழை பெய்தது வியாபாரியின் குற்றமல்ல. அவர் சொன்னது பொய்யுமல்ல. அவரை யாரும் ‘ஏன் நனைத்தாய்’ என்று கேட்கவில்லை. நனைந்தது தெரியாதபடி அடுக்கியதைத்தான் கேட்டார்கள். நடந்த கேட்டுக்கு நான் காரணமில்லை என்பது ஒரு பதில். அதைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்ததற்கு அது பதிலாகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நபி (ஸல்) அவர்கள் குவியலின் மேல்பாகத்தைப் பார்த்துவிட்டுப் போகவில்லை. உள்ளே கையை விட்டார்கள். நாம் எத்தனை இடத்தில் கையை உள்ளே விடுகிறோம்?

விளம்பரமும் இதே குவியல்தான். ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் டீசல் கார்களைச் ‘சுத்தமான டீசல்’ என்று சொல்லி அமெரிக்காவில் விற்றது. 2015 செப்டம்பரில் உண்மை வெளிவந்தது. காரைச் சோதனைக்கூடத்தில் வைத்து ஓட்டுகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் அதில் இருந்தது. சோதனையின்போது மட்டும் புகை குறையும். சாலையில் ஓடும்போது நைட்ரஜன் ஆக்சைடு சட்ட வரம்பைவிட 40 மடங்கு வரை வெளியேறியது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு சொன்னது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். மதீனாவின் வியாபாரி கையால் செய்ததை இவர்கள் கணினியால் செய்தார்கள்.

விசாரணையில் என்ன சொன்னார்கள்? நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் நாடாளுமன்றக் குழு முன், இது ஓரிரு மென்பொருள் பொறியாளர்களின் செயல் என்றார். மேலிடத்துக்குத் தெரியாது என்ற அதே பதில். பின்னர் உயர் பொறுப்பில் இருந்தவர்களும் தண்டனை பெற்றார்கள்.

கூஃபாவின் துணி வியாபாரி

நம் இமாம்களில் ஒருவர் துணி வியாபாரி. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 80இல் பிறந்து 150இல் மறைந்தவர்கள். கூஃபா நகரில் அவர்களுக்குத் துணிக்கடை இருந்தது. ஹஃப்ஸ் இப்னு அப்துர் ரஹ்மான் என்ற கூட்டாளி சரக்கை வெளியூருக்குக் கொண்டுபோய் விற்று வருவார். ஒருமுறை சரக்கு அனுப்பும்போது, இன்ன துணியில் குறை இருக்கிறது, விற்கும்போது சொல்லிவிட்டு விற்க வேண்டும் என்று இமாம் அவர்கள் தெளிவாகச் சொல்லி அனுப்பினார்கள். கூட்டாளி மறந்துவிட்டார். குறையைச் சொல்லாமல் விற்றுவிட்டார். யாரிடம் விற்றார் என்பதும் நினைவில்லை. இது தெரிந்ததும் இமாம் அவர்கள் அந்தச் சரக்கின் விற்பனைப் பணம் முழுவதையும் ஸதகா செய்துவிட்டார்கள்.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். இமாம் அவர்கள் என்ன தவறு செய்தார்கள்? எதுவும் இல்லை. எச்சரித்து அனுப்பினார்கள். விற்றவர் இன்னொருவர். அதுவும் வேண்டுமென்றே அல்ல, மறதியால். இன்றைய நிறுவனத்தின் வழக்கறிஞர் இருந்திருந்தால், ‘நாங்கள் எழுத்துபூர்வமாக எச்சரித்திருக்கிறோம், எங்கள் நடத்தை விதிகளை அவர் மீறிவிட்டார்’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார். இமாம் அவர்கள் அப்படி முடிக்கவில்லை. பணம் தம் பெட்டிக்கு வந்திருக்கிறது. பணம் வந்த வழியும் தம்முடையதுதான். லாபம் வரும் வழியில் பொறுப்பும் வர வேண்டும் என்பதே அவர்களுடைய கணக்கு.

பாவம் வேறு, பொறுப்பு வேறு. மறந்த கூட்டாளியின் தவறுக்காக இமாம் அவர்கள் பாவியாகவில்லை. ஆனால் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள அவர்களின் மனம் இடம் கொடுக்கவில்லை. நாம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு, எனக்குப் பாவமில்லை என்று நிரூபித்தவுடன் பொறுப்பும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இது பெரியவர்களுக்கு மட்டும் முடிந்த காரியம், இன்றைய வியாபாரத்தில் நடக்காது என்று சொல்லாதீர்கள். 1982இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி மாத்திரையைச் சாப்பிட்ட ஏழு பேர் இறந்தார்கள். யாரோ ஒருவன் கடைகளில் இருந்த பாட்டில்களில் சயனைடு கலந்திருக்கிறான். தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் தொழிற்சாலையில் தவறு நடக்கவில்லை. ஆனாலும் நாடு முழுவதும் இருந்த சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களை அது திரும்பப் பெற்றது. 10 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். பிறகு யாரும் திறந்தால் உடனே தெரிந்துவிடும்படி மூன்று அடுக்கு மூடி போட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நாம் வாங்கும் மருந்துப் பாட்டிலில் இருக்கும் அந்தச் சீல், பெரும்பாலும் அந்தச் சம்பவத்தின் விளைவுதான். குற்றம் எங்களுடையதல்ல, ஆனால் பெயர் எங்களுடையது, எங்கள் பெயரை நம்பி வாங்கியவர் இறந்திருக்கிறார் என்று ஒரு நிறுவனத்தால் சொல்ல முடிந்தது. அதே நிறுவனம் பிற்காலத்தில் வேறு பொருட்களுக்காக ஏராளமான வழக்குகளைச் சந்தித்ததையும் சேர்த்தே சொல்கிறேன். ஒருமுறை நேர்மையாக நடந்தவர் அதை ஆயுள் முழுவதும் காட்டிக்கொண்டிருக்க முடியாது. நேர்மை தொழுகையைப் போல. இன்றைய வக்துக்கு இன்றுதான் தொழ வேண்டும்.

சாயும் சுவர்

நாங்கள் தணிக்கை செய்கிறோமே என்று நிறுவனங்கள் சொல்லும். உண்மைதான். ரானா பிளாசாவில் இருந்த சில தொழிற்சாலைகளிலும் தணிக்கையாளர்கள் வந்து போயிருந்தார்கள். வேலை நேரப் பதிவேடு, சம்பளப் பதிவேடு எல்லாம் பார்த்தார்கள். கட்டடம் நிற்குமா என்று பார்ப்பது அவர்களுடைய பட்டியலில் இல்லை.

நம் முன்னோர்களின் ஆட்சியில் கடைவீதியைக் கண்காணிக்க ‘முஹ்தஸிப்’ என்ற அதிகாரி இருந்தார். வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் (1332–1406) தம் ‘முகத்திமா’வில் அவருடைய வேலைகளைச் சொல்கிறார். சுமை தூக்குபவர் மீதும் படகு மீதும் அளவுக்கு மேல் ஏற்றுவதைத் தடுப்பது, பிள்ளைகளை அளவு மீறி அடிக்கும் ஆசிரியரைத் தண்டிப்பது, இடிந்து விழும் நிலையில் உள்ள கட்டடத்தை அதன் உரிமையாளரைக் கொண்டே இடிக்க வைப்பது. யாராவது வந்து முறையிடும் வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் குறிப்பிடுகிறார்.

சகோதரர்களே, ரானா பிளாசாவை நினைத்துக்கொண்டு இந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். அளவுக்கு மேல் சுமை. விழப்போகும் கட்டடம். முறையிட முடியாத மக்கள். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த மூன்றும் ஓர் அதிகாரியின் அன்றாட வேலையாக இருந்திருக்கின்றன. முறையிட முடியாதவருக்காகத்தான் கண்காணிப்பு வேண்டும். முறையிட முடிந்தவருக்கு நீதிமன்றம் இருக்கிறது.

அந்த விபத்துக்குப் பிறகு ஒரு நல்ல மாற்றமும் வந்தது. 2013 மே மாதம் ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. 1,600க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைத் தனிப் பொறியாளர்கள் சோதித்தார்கள். அறிக்கைகள் எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட்டன. வாக்குத் தவறினால் சட்டப்படி கேட்கலாம். பழைய தணிக்கைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நனைந்த தானியம் மேலே வைக்கப்பட்டது, அவ்வளவுதான். தெரியாது என்று சொல்ல இனி வழி இல்லை. ஆனால் இறந்தவர்களின் குடும்பங்களுக்கான 3 கோடி டாலர் இழப்பீட்டு நிதி நிறைவதற்கு 2015 ஜூன் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது என்பதையும் மறக்கக் கூடாது.

நியாயமான இரண்டு ஆட்சேபங்கள்

முதலாவது: விலை குறைந்தால்தானே ஏழை வாங்க முடியும்? நான்கு பிள்ளைகள் உள்ள தாய் பெருநாளைக்கு 200 ரூபாய் சட்டை எடுக்கிறார். அவரைப் போய் இது யார் இரத்தத்தில் தைத்தது என்று கேட்கலாமா? கேட்கக் கூடாது. சக்திக்கு மேல் அல்லாஹ் யாரையும் சோதிப்பதில்லை என்பது நம் நம்பிக்கை. அந்தத் தாய்க்கு வேறு வழியும் இல்லை, கேட்கும் இடமும் இல்லை. ஆனால் அந்தத் தாயின் பெயரைச் சொல்லி, கேட்க முடிந்த நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. ஒரு சட்டையின் விற்பனை விலையில் தைத்தவருக்குப் போவது மிகச் சிறிய பங்கு. அதைக் கூட்டுவதால் ஏழையின் சட்டை எட்டாத விலைக்குப் போய்விடாது. பொறுப்பு அதிகாரத்தின் அளவுக்கு ஏற்ப ஏறுகிறது. விலையை நிர்ணயிப்பவருக்கு அதிகம், விலை கேட்டு வாங்குபவருக்கு அதைவிடக் குறைவு, கிடைத்ததை வாங்குபவருக்கு இன்னும் குறைவு.

இரண்டாவது: அப்படியானால் அந்த நாட்டுத் துணியையே வாங்காமல் விட்டுவிடலாமே? இது பக்திபோலத் தெரியும். ஆனால் அந்தத் தொழிலை நம்பி லட்சக்கணக்கான பெண்கள் குடும்பம் நடத்துகிறார்கள். நாம் கை கழுவிவிட்டால் நம் மனசாட்சி சுத்தமாகும், அவர்களுடைய அடுப்பு அணையும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வியாபாரத்தை விட்டு ஓடிவிடவில்லை. வியாபாரத்துக்குள் இருந்துகொண்டே அதைச் சுத்தமாக வைத்தார்கள். விலகுவது எளிது, இருந்து திருத்துவதுதான் கஷ்டம்.

அந்தத் தம்பிக்கு

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் சம்பளம் ஹராம் என்று நான் சொல்லமாட்டேன் தம்பி. நீங்கள் செய்யும் வேலைக்கான கூலி அது. வேலையை விட்டுவிடுங்கள் என்றும் சொல்லமாட்டேன். உங்கள் இடத்துக்கு நாளைக்கே இன்னொருவர் வருவார், அவர் உங்களைப்போல் தூணோரம் உட்கார்ந்து கவலைப்படாதவராகவும் இருக்கலாம்.

ஆனால் ‘நான் கேட்பதில்லை’ என்று நீங்கள் சொன்ன அந்தச் சொல்லை நான் விட முடியாது. அறிய வாய்ப்பே இல்லாதவரின் அறியாமையை நம் உலமாக்கள் மன்னிக்கத்தக்கதாகக் கருதினார்கள். அறிய வழி இருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டவரின் அறியாமையை அப்படிக் கருதவில்லை. நீங்கள் கேட்காமல் இருப்பது, கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்திருப்பதால்தான். அப்படியானால் உங்களுக்குத் தெரியாது என்பது உண்மையல்ல. அது உங்களுக்கே நீங்கள் செய்யும் மோசடி.

ஆகவே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். ஒன்று, கேளுங்கள். இந்த ஆர்டர் எங்கே தைக்கப்படுகிறது என்ற ஒரு கேள்வியையாவது உங்கள் கடிதத்தில் எழுதுங்கள். எழுத்தில் வந்த கேள்விக்கு யாராவது ஒருவர் பதில் எழுதியாக வேண்டும். இரண்டு, அந்த விலைக்கு முடியாது என்று உங்களுக்குத் தெரிந்தால் பையரிடம் சொல்லுங்கள். ஏற்றுக்கொள்ளமாட்டார் என்றாலும் சொல்லுங்கள். முடியாத விலையை முடியும் என்று கையெழுத்துப் போடுவதும் ஒரு பொய்தான். மூன்று, விரிசல் கண்ணில் பட்டால், அது சுவரில் இருந்தாலும் சரி, தைக்கும் பிள்ளையின் வயதில் இருந்தாலும் சரி, அன்று வேலையைப் பற்றி யோசிக்காதீர்கள். ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது என்று நாம் நாவால் சொல்வதற்கு அர்த்தம் இருக்கிறதா என்பது அந்த ஒரு நாளில்தான் தெரியும்.

ஜமாஅத்தார்களே! இதைத் தம்பிக்கு மட்டும் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் கடையில் வேலை செய்யும் பையன் இரவு எங்கே படுக்கிறான் என்று நமக்குத் தெரியுமா? நம் வீடு கட்டும் மேஸ்திரி தன் ஆட்களுக்குக் கூலி கொடுத்துவிட்டாரா என்று கேட்டிருக்கிறோமா? மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டேன், அதற்குமேல் எனக்குத் தெரியாது என்று நாமும் சொல்கிறோம். நம் பள்ளிவாசலுக்குப் போட்டிருக்கும் இந்தப் பாய்களை வாங்கியபோது நாங்கள், நிர்வாகத்தினரும் நானும், மூன்று கடைகளில் விலை விசாரித்தோம். எங்கே முடைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஸஜ்தாவில் நெற்றி வைக்கும் இடத்தைப் பற்றியே எனக்குத் தெரியவில்லை என்பதை இந்த உரையைத் தயாரிக்கும்போதுதான் உணர்ந்தேன். அடுத்த முறை கேட்போம், இன்ஷா அல்லாஹ்.

மறுமையில் ஒவ்வோர் அமானத்தைப் பற்றியும் விசாரணை உண்டு. அங்கே துணை ஒப்பந்தக்காரரைக் கைகாட்ட முடியாது. அங்கே விசாரிப்பவன் எல்லாம் அறிந்தவன். உனக்குத் தெரியுமா என்று அவன் கேட்கும்போது, தெரியாது என்ற நம் சொல் உண்மையானதாக இருக்க வேண்டும்.

நம் சம்பாத்தியத்தையும் நம் கண்களையும் அல்லாஹ் சுத்தமாக்கி வைப்பானாக! உழைப்பவர்களின் உயிரையும் கண்ணியத்தையும் அவன் பாதுகாப்பானாக! ஆமீன்.